எழுபத்தொன்றில் நின்ற வகுத்தல்

அவருக்குத் தெருவில் பல் டாக்டர் என்று பெயர். யாருடைய வாயையும் திறந்து பார்க்கிற தொழில் அல்ல அவருடையது. இரும்பு வட்டுகளில் பல் வெட்டிப் பற்சக்கரமாக்கும் பட்டறை ஒன்றில் மூத்த தொழிலாளி. பெயரை நம்பி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் வீட்டுத் தொலைபேசி எண்ணின் அருமை பெருமைகளைச் சொல்லித்தான் அனுப்புவார். வந்தவர்களுக்குப் பல்வலி போகாது. பல்வலியைவிடப் பெரிய தொல்லைகள் உலகில் உண்டு என்ற தெளிவு மட்டும் கிடைக்கும்.

அந்த எண் 47294729. தொலைபேசி இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தில் வந்தது. கம்பி இழுக்க வந்தவர், "நல்ல நம்பர் சார்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எல்லா வீட்டிலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். பல் டாக்டர் மட்டும் அதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல், எதனால் நல்ல நம்பர் என்று கண்டுபிடிக்கவும் உட்கார்ந்துவிட்டார்.

எண்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்து மறந்ததுதான். சில எண்கள் பிரியும். பன்னிரண்டு என்றால் இரண்டும் ஆறுமாகப் பிரியும், மூன்றும் நான்குமாகவும் பிரியும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மாதிரி சில எண்கள் ஒன்றையும் தம்மையும் தவிர வேறு யாருக்கும் வழிவிடாமல் நிற்கும். அவை பகா எண்கள். மற்றவர்கள் இதைத் தேர்வுத்தாளோடு கழற்றிவிட்டார்கள். அவரை இது பட்டறை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

வட்டமான இரும்பில் சம இடைவெளி விட்டுப் பல் வெட்ட வேண்டுமானால், ஒவ்வொரு பல்லுக்கும் அதைத் துல்லியமாகத் திருப்ப வேண்டும். அதற்கென்று டிவைடிங் ஹெட் என்று ஒரு கருவி. அதன் முகத்தில் ஒரு தட்டு. தட்டு முழுக்க வளையம் வளையமாகத் துளைகள். கைப்பிடியின் முள்ளை ஒரு துளையிலிருந்து எடுத்து, எண்ணி நகர்த்தி, இன்னொரு துளையில் இறக்கி, ஒரு பல் வெட்டுவார்கள். மறுபடி நகர்த்தி அடுத்த பல். நாற்பத்தெட்டுப் பல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று, அறுபத்தேழு, எழுபத்தொன்று இவைதான் மூக்கால் அழவைப்பவை. பட்டறையில் இவற்றுக்கு முரட்டு நம்பர் என்று பெயர். பிரியாத எண் என்பதால் இருக்கிற துளைகள் எதற்கும் பொருந்தாது. பக்கத்தில் தனியாகச் சக்கரங்கள் மாட்டி, கணக்குப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும். ஓரிடத்தில் பிசகினாலும் கடைசிப் பல் பாதிப் பல்லாக வந்து இளிக்கும். அப்புறம் வட்டு பழைய இரும்புக் கடைக்குத்தான்.

அந்தப் பட்டறையில் எழுபத்தொன்று வெட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எழுபத்திரண்டுக்கு மேல் அங்கே யாரும் வெட்டியதே இல்லை. அவர்கள் வெட்டும் பல் அளவில் அதற்கு மேல் போனால் வட்டு பெரிதாகி மேசையில் இடிக்கும். யாராவது வந்து எழுபத்தைந்து பல் கேட்டால் முதலாளி, "வேற இடம் பாருங்க" என்று கையை விரித்துவிடுவார். ஆகவே பல் டாக்டரின் உலகத்தில் முரட்டு எண்கள் எழுபத்தொன்றோடு முடிந்துபோயின. அதற்கு அப்பால் இருப்பவை வேறு பட்டறைகளின் தலைவலி.

இணைப்பு வந்த வாரம் முழுக்கப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டிருந்தார். ஒற்றைப்படை, அதனால் இரண்டால் போகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்து நான்கு, அதனால் மூன்றால் போகாது. கடைசி இலக்கம் ஒன்பது, ஐந்தும் அவுட். ஏழால் வகுத்தால் மீதி ஆறு. இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாக ஏறிப்போய்க் கடைசியில் எழுபத்தொன்றால் வகுத்தார். மீதி அறுபத்தேழு. பேனாவை மூடி வைத்தார். நான்கு கோடியே எழுபத்திரண்டு லட்சத்துச் சொச்சம் உள்ள ஓர் எண், எழுபத்தொன்று வரைக்கும் யாருக்கும் அடங்கவில்லை என்றால் இனி எவருக்கும் அடங்காது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதையே நிரூபணமாகவும் எடுத்துக்கொண்டார். தன் கை எட்டுகிற இடத்தில் உலகம் முடிகிறது என்று நம்புவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். அவர்களுக்குக் கை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் எண்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஆனார். பேருந்துச் சீட்டு, வண்டி எண், அடுத்த வீட்டு மின்சார இணைப்பு எண் எதையும் விடமாட்டார். "உங்க நம்பர் மூணால போகுது" என்று ஒருவரிடம் சொல்லும்போது, நோயைக் கண்டுபிடித்துவிட்ட வருத்தமும் அந்த நோய் தனக்கு இல்லாத திருப்தியும் முகத்தில் சேர்ந்து தெரியும். சாவு வீட்டில்கூட, அழுதுகொண்டிருந்தவரின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்ன கையோடு, அவருடைய கதவு எண் ஒன்பதால் வகுபடுவதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவர் எண்ணை யாரும் வகுத்துப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் இப்போது எல்லார் சட்டைப் பையிலும் கணக்குப் போடும் கருவி இருக்கிறது. அவர் சொல்லை நம்பினார்கள் என்பதா காரணம்? அப்படித்தான் அவர் நினைத்தார். உண்மையில் யாருக்கும் அந்த எண்ணைப் பற்றி ஒரு எழவு அக்கறையும் இல்லை. மரியாதையும் அலட்சியமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தலையாட்டும்.

இதெல்லாம் ஒருவருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியமாகவே போயிருக்கும், மனைவியின் முழங்கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்.

வலி தாங்காமல் ஒருநாள் மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "மாடிப்படி ஏறவே கூடாதும்மா. எத்தனாவது மாடியில இருக்கீங்க?" என்றார்.

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தொண்ணு, டாக்டர். பார்த்தா பகா எண் மாதிரியே இருக்கும். நிறைய பேர் ஏமாந்துடுவாங்க. ஆனா ஏழையும் பதிமூணையும் பெருக்கினா வந்துடும்."

மருத்துவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு, எலும்புக்கு எழுதிக்கொண்டிருந்த மருந்தோடு சேர்த்து, "வீட்டை மாத்துங்க" என்று தாளிலேயே எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மனைவி கீழே இறங்குவது அநேகமாக நின்றுபோயிற்று. காய்கறி கயிறு கட்டிய கூடையில் மேலே வந்தது. தெருவில் யார் வருகிறார்கள், யார் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் உச்சந்தலைகளாகத்தான் தெரிந்தன. அடுத்த கட்டடத்துப் பெண்மணி தலைக்குச் சாயம் போட ஆரம்பித்ததை ஊரிலேயே முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

மனைவிக்கு ஒரு தம்பி. துணிக்கடையில் விற்பனையாளர், நாள் முழுக்கத் துணி கிழித்துவிட்டு வந்தாலும் வாய் ஓயாதவர். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது அவர் வீடு. அதை ஒட்டித் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியானது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கையோடு செய்தியைக் கொண்டுவந்தார்.

"அத்தான், வீட்டுக்காரம்மா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுத்துப்பாங்க. ஒரு வாத்தியார் குடும்பம் சாவி கேட்டு நிக்குது. அக்காவுக்கு ஒரு படிகூடக் கிடையாது. வாசலைத் தாண்டினா தெரு."

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்டா. வேற எக்ஸ்சேஞ்ச். நம்பர் போயிடும்."

"போனாப் போகுது. இப்ப யாரு வீட்டு போன்ல பேசறாங்க?"

"பேசறதுக்காகவா வெச்சிருக்கேன்?"

"பின்ன எதுக்கு, தலைக்கு வெச்சுப் படுக்கவா?" என்றார் மனைவி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் சூடான துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கெல்லாம் அதோட மதிப்பு தெரியல. எட்டு இலக்கத்துல ஒரு பகா எண் தானா வீடு தேடி வந்து உக்காந்திருக்கு. எவனுக்குக் கிடைக்கும் சொல்லு."

எட்டு இலக்கத்தில் பகா எண்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் அவர் பதில் மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

"அக்காவுக்கு முட்டி போயிட்டிருக்கு அத்தான்."

"முட்டிக்கு மருந்து இருக்குடா. இந்த நம்பர் போச்சுன்னா அதுக்கு மருந்து ஏது?"

துணிக்கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தம்பிக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சரி, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் வகுத்துப் பாக்கறேன்."

"தாராளமா பாரு. எழுபத்தொண்ணு வரைக்கும் நான் பாத்தாச்சு."

"அதுக்கு மேல?"

"மேல என்னடா இருக்கு?"

"எழுபத்திரண்டு இருக்கே."

"ரெண்டால போகாதது எழுபத்திரண்டால எப்படிடா போகும்? நீ துணி கிழிக்கத்தான் லாயக்கு."

"சரி, எழுபத்திமூணு."

எண்ணை அழுத்தினார். பொத்தானைத் தட்டினார். தட்டிவிட்டுப் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"புள்ளி வரல அத்தான்."

"நல்லாப் பாரு. ஓரத்துல சின்னதா இருக்கும்."

"அக்கா, நீயே பாரு."

மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "ஆறு, நாலு, ஏழு, எட்டு, ஏழு, மூணு. அதோட முடிஞ்சுது."

"போன்ல சார்ஜ் இருக்காடா?"

"சார்ஜ் கொறைஞ்சா போன் அணைஞ்சு போகும் அத்தான். கணக்கு மாறிப் போகாது."

பல் டாக்டர் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தார். அது அடுத்த மாதத் தாள். அதை யாரும் தடுக்கவில்லை. எழுபத்து மூன்றால் வகுக்க ஆரம்பித்தார். இலக்கம் இலக்கமாக இறக்கினார். இடையில் ஒருமுறை வேண்டுமென்றே மெதுவாகப் போனார், ஏதாவது மிஞ்சுகிறதா என்று அதற்கு அவகாசம் கொடுப்பவரைப் போல. கடைசியில் இருநூற்றுப் பத்தொன்பது வந்து நின்றது. எழுபத்து மூன்றை மும்முறை கழித்ததும் தாளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இத்தனை வருடம் பெருமைப்பட்ட ஒன்று, அவர் பேனாவை மூடிவைத்த இடத்திலிருந்து சரியாக அடுத்த பகா எண்ணில் உடைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறை வகுத்திருந்தால் போதும்.

துணிக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணு அக்கா" என்றார். கதவருகே போய்த் திரும்பினார். "அந்த நம்பர்ல இருந்தே பண்ணு. இப்ப பிரிஞ்சிடுச்சு, பேச எடம் இருக்கும்."

மறுநாள் பட்டறையில் அவர் வெட்டிய நாற்பத்தெட்டுப் பல் சக்கரம் ஒன்றில் கடைசிப் பல் பாதியாக வந்தது. நாற்பத்தெட்டில் அப்படி வருவதற்குத் தனித் திறமை வேண்டும். முதலாளி வட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கழிவுப் பெட்டியில் போட்டார். அது விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

சாப்பாட்டு நேரத்தில் லேத்துக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது வருடமாகப் பக்கத்து மிஷினில் நிற்பவர். சட்டைக் கையில் இரும்புச் சுருள் ஒன்று ஒட்டியிருந்தது.

"என்ன டாக்டரே, மொகம் தொங்குது?"

"நம்பர் போகுதுய்யா. எழுபத்திமூணால."

"எந்த நம்பர்? வீட்டு நம்பரா?" லேத்துக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "அது நாலாயிரத்து எழுநூத்து இருபத்தொம்பதாலயும் போகுமே."

"என்னது?"

"அதைத்தானே ரெண்டு தடவ எழுதி வெச்சிருக்கு. முன்னாடி நிக்கறது பத்தாயிரம் தடவ. பின்னாடி நிக்கறது ஒரு தடவ. ஆக மொத்தம் பத்தாயிரத்து ஒரு தடவ. இதுக்கு எதுக்குப் பேனா?"

பல் டாக்டர் கையில் எடுத்த சாதத்தைத் திரும்ப வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மொதமொத சொன்னப்பவே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க." லேத்துக்காரர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "அதுவும் இல்லாம, நீங்க வீட்டுக்குப் போனப்புறம் எங்களுக்கும் சிரிக்க ஒரு விஷயம் வேணாமா?"

பல் டாக்டர் எழுந்து சுவர் ஓரம் கிடந்த தகட்டில் சுண்ணக்கட்டியால் வகுக்க ஆரம்பித்தார். பத்தாயிரத்து ஒன்று எழுபத்து மூன்றால் பிரிந்தது; ஈவு நூற்று முப்பத்தேழு. அப்படியானால் எந்த நான்கு இலக்கத்தை இரண்டு தடவை எழுதினாலும் அது எழுபத்து மூன்றுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும். நம்பாமல் லேத்துக்காரரிடம், "நாலு நம்பர் சொல்லு" என்றார். "ரெண்டு, அஞ்சு, எட்டு, சைபர்." 25802580. வகுத்தார். போயிற்று. "இன்னொண்ணு சொல்லு." "டாக்டரே, நான் சாப்பிடணும்."

ஓர் எண் தன் மர்மத்தைத் தானே இரண்டு முறை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதை அழகு என்று எடுத்துக்கொண்டு, வகுக்கும் எண்ணைத் தெருவெல்லாம் தேடியிருக்கிறார். தேடியதிலும் குறை சொல்வதற்கில்லை, எழுபத்தொன்று வரை. அந்த அளவு எண்ணைப் பகா எண் என்று சொல்ல வேண்டுமானால் ஆறாயிரத்து எண்ணூற்றைத் தாண்டும் வரை தேட வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

இத்தோடு அவர் அடங்கியிருப்பார் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த மாதிரி ஆட்களோடு பழகியதில்லை. மத்தியானம் முழுக்க மிஷின் ஓட ஓட யோசித்தார். 4729-ஐத் தனியாக எடுத்து, வழக்கப்படி எழுபத்தொன்று வரை வகுத்தார். எதற்கும் போகவில்லை. இந்தச் சிறிய எண்ணுக்கு அவ்வளவு தூரம் போனால் உண்மையிலேயே போதும். அது அவருக்குத் தெரிந்து செய்தது அல்ல என்பதால் பாராட்டவும் ஒன்றுமில்லை. சாயங்காலம் அவர் மூன்று மாடியையும் சீட்டியடித்துக்கொண்டே ஏறினார்.

மனைவி அடுப்படியில் நின்றபடி, ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, விஷயம் தெரியுமா? எழுபத்திமூணு ஒரு பகா எண். நூத்தி முப்பத்தேழு ஒரு பகா எண். நாலாயிரத்து எழுநூத்து இருபத்தொம்பதும் பகா எண். மூணே மூணு சேந்து நம்ம நம்பர். மூணு தூண் மாதிரி நிக்குது. இது முன்னாடி நெனச்சதைவிட விசேஷம்."

"அதனால?"

"அதனால இதை விடவே கூடாது."

மனைவி அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி வைத்தார். பிறகுதான் திரும்பினார்.

"நேத்து வரைக்கும் பிரியாத நம்பரு, அதனால விட முடியாதுன்னீங்க. இன்னைக்குப் பிரியற நம்பரு, அதனால விட முடியாதுங்கறீங்க. நாளைக்கு அது எந்திரிச்சு ஓடிப் போனாலும் அதுக்கும் ஒரு பெருமை தயாரா வெச்சிருப்பீங்க."

"உனக்குக் கணக்குப் புரியாதும்மா."

"புரிய வேணாம். எனக்கு முட்டி வலிக்குதுங்க. அதை எதால வகுத்தாலும் அப்படியேதான் இருக்கு."

அவர் விரல்விட்டு மறுபடி மூன்று தூண்களை எண்ண ஆரம்பித்தார்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். தொலைபேசியை எடுத்துத் தம்பியின் எண்ணைச் சுழற்றினார். "டேய், சாவியை வாங்கிடு. ஆமா, இன்னைக்கே. அவரா? அவர் வந்தா வரட்டும். இல்லேன்னா மூணு தூணைக் கட்டிக்கிட்டு இங்கேயே இருக்கட்டும்." ரிசீவரை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க, ஆறிடும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மூன்று தூணோடு தனியாக இருப்பதைப் பற்றி அவர் அன்றிரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் யோசித்திருக்கலாம். மறுநாள் காலை, பட்டறைக்குப் போகும் முன், அட்டைப்பெட்டி எங்கே கிடைக்கும் என்று கீழ்த்தளத்தில் விசாரித்தார்.

சாமான்களை ஏற்றிவிட்டு, இணைப்பைத் திருப்பிக் கொடுக்க இருவரும் தொலைபேசி அலுவலகத்துக்குப் போனார்கள். கூட்டம் இல்லை. நீளமான அறையில் கவுண்டர்கள் பல, ஆள் இருந்தது ஒன்றில். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீடு மாறறோம். இணைப்பைத் திருப்பித் தரணும்."

"எங்க மாறறீங்க?"

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்."

"அதுக்கு ஏன் திருப்பித் தரணும்? இதே நம்பர் அங்க வருமே."

"அது வேற எக்ஸ்சேஞ்ச் இல்லையாம்மா?"

"அதெல்லாம் அந்தக் காலம் சார். எந்தப் பக்கம் போனாலும் நம்பர் கூடவே வரும்."

"எப்பத்திலேருந்து?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிலேருந்தே."

மனைவி மெதுவாக முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"ஒரு தடவகூட வந்து கேக்கலையா நீங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வேற எக்ஸ்சேஞ்ச்னா போயிடும்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும்னா? யாரு யாருக்கு?"

அவர் கவுண்டரில் கட்டியிருந்த பேனாவைப் பார்த்தார். எழுபத்தொன்றுக்கு மேல் வகுக்காத கை, இந்தக் கவுண்டர் வரைக்கும் நீளவும் இல்லை.

"சீக்கிரம் சொல்லுங்க சார். வெச்சுக்கறீங்களா, திருப்பித் தர்றீங்களா?"

வைத்துக்கொள்வது என்றால், மனைவியை இத்தனை காலம் மாடியில் முடக்கிவைத்தது ஒன்றுமில்லாத ஒன்றுக்காக என்று ஆகிவிடும். மணி அடிக்கும்போதெல்லாம் அந்த எண்ணே அதைச் சொல்லிக் காட்டும். அவர் நிமிர்ந்து நின்றுகொண்டு, "வேண்டாம்மா. அது அப்படி ஒண்ணும் பெரிய நம்பர் இல்ல. வகுபடும்" என்றார்.

அந்தப் பெண் முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"வேணும்மா" என்றார் மனைவி. "அதே நம்பர் வேணும்."

"உனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

"எங்க பெரியக்காவுக்குக் கண்ணு போனப்புறம் அவ தடவித் தடவி தானாப் போடற ஒரே நம்பர் இதுதாங்க. நாலு பட்டன், மறுபடி அதே நாலு பட்டன். இதை மாத்தினா, எங்கூடப் பேசறதுக்கு அவ தெனமும் மருமக முன்னாடி போய் நிக்கணும். போயிடும்னு நீங்க அடிச்சுச் சொன்னதால வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

அந்த அழைப்பை அவர் எத்தனையோ முறை எடுத்திருக்கிறார். எடுத்து, "உங்கக்கா" என்று ரிசீவரை நீட்டியிருக்கிறார். அந்த எண் எதனால் நல்ல எண் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், வீட்டில் கேட்டதில்லை.

கவுண்டர் பெண் ஒரு தாளைத் தள்ளினாள். "இணைப்பு உங்க பேர்ல இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

அவர் போட்டார். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம்: அந்த இடத்தில் அவர் எழுபத்து மூன்று, நூற்று முப்பத்தேழு என்று ஆரம்பிக்கவில்லை.

அந்த நல்ல குணமும் அதிக நாள் நீடிக்கவில்லை. புது வீட்டின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போது மூன்று தூண்களைப் பற்றி எல்லாம் தெரியும். அவரும் தலையாட்டுகிறார். மைத்துனர் மட்டும் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "அத்தான், எழுபத்தொம்பதால பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

மனைவியை வீட்டுக்குள் பிடிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. காய் வாங்க ஒருமுறை, வாங்கிய காய் சரியில்லை என்று சொல்ல ஒருமுறை, ஒன்றுமே இல்லாமல் ஒருமுறை என்று வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் மணி அடித்தபோதும் பல் டாக்டர்தான் எடுக்க வேண்டியிருந்தது. மறுமுனையில் பெரியக்கா.

"யாரு, தம்பியா? வீடெல்லாம் வசதியா இருக்கா?"

"இருக்குங்க அண்ணி. உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? நீங்க இப்ப அழுத்தினீங்களே அந்த நம்பர், அது மூணு பகா எண்ணால ஆனது..."

"அது கிடக்கட்டும் தம்பி. அவ எங்க?"

அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தெருவுல நிக்கறா" என்றார்.